இற்செறிப்பும் கடவுச்சொல்லும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் பெல்லெக்ரினோ தூர்ரி என்பவர் ஓர் எழுத்துப் பொறியைச் செய்தார். கரோலினா ஃபாந்தோனி என்ற பார்வையிழந்த சீமாட்டிக்காக அவர் செய்தது அது. பொறி அழிந்துபோயிற்று. அதில் கரோலினா அடித்த கடிதங்கள் சில மட்டும் எஞ்சியிருக்கின்றன. 1808இல் எழுதியவையும் அவற்றுள் உண்டு. எழுத்துகளுக்கு மை தரக் கரித்தாள் பயன்பட்டது.

தட்டச்சுப் பொறியின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாக 1870களின் ரெமிங்டன் பொறியில் தொடங்கி, அதன் வழியே அலுவலகங்களுக்குள் நுழைந்த பெண் தட்டச்சர்களில் வந்து நிற்பார்கள். தூர்ரியும் கரோலினாவும் அங்கே ஓர் அடிக்குறிப்பு. பெண்களின் வாசிப்பு வரலாற்றைத் தேடுகிற எனக்கு அந்த அடிக்குறிப்புதான் முக்கியமாகப் படுகிறது. பார்வையற்ற பெண் ஒருத்தி கடிதம் எழுத வேண்டுமென்றால் வேறொருவரிடம் சொல்லித்தான் எழுதவைக்க வேண்டும். வந்த கடிதத்தைப் பிறர் வாயால்தான் கேட்க வேண்டும். தன் சொல்லுக்கும் தன் நண்பருக்கும் நடுவே நிற்கிற அந்த மூன்றாவது ஆளை, எழுதும்போதாவது விலக்குவதற்கு அந்தப் பொறி கரோலினாவுக்கு உதவியது.

மாற்றுத்திறனாளிப் பெண்களின் தொழில்நுட்ப வரலாறு என்று ஒன்றை எழுதினால் அதன் மையக் கேள்வி இந்த மூன்றாவது ஆளைப் பற்றியதாகவே இருக்கும். இன்று ‘டிஜிட்டல் உள்ளடக்கம்’ என்றும் ‘இணையப் பாதுகாப்பு’ என்றும் இரு தனித்தனித் தலைப்புகளில் கருத்தரங்கு நடத்துகிறோம். முதலாவதில் அவள் கையில் கைபேசியைக் கொடுக்கச் சொல்கிறோம். இரண்டாவதில் நம்பிக்கையான ஒருவர் அதைக் கண்காணிக்கட்டும் என்கிறோம். இவை இரண்டும் ஒரே பிரச்சினை என்பது என் கட்சி. ஒரு செயலியை அவளால் தானாகப் பயன்படுத்த முடியாதபோது, அவளுடைய கடவுச்சொல் இன்னொருவர் கைக்குப் போகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கடிதத்தின் மேல் ஒரு கண்

பெண்ணுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் கள்ளக் கடிதம் எழுதுவாள் என்ற பேச்சு, பெண்கல்விக்கு எதிராக நம் ஊர்களில் தலைமுறைகளாகப் பேசப்பட்டது. வங்கத்தில் ராஸசுந்தரி தேவி அடுக்களையில் ஏட்டை ஒளித்துவைத்து எழுத்துக் கற்றுத் தன் வரலாற்றையே எழுதினார். பெண் படிப்பதை விடவும், என்ன படிக்கிறாள் என்று வீட்டுக்குத் தெரியாமல் போவதே அச்சமாக இருந்தது. இன்று ‘போனைக் கொடுத்தால் கெட்டுப்போவாள்’ என்று சொல்கிற வாய் அதே வாய்தான்.

பார்வையற்ற பெண்ணுக்கு இந்தப் பூட்டோடு இன்னொரு பூட்டும் இருந்தது. லூயி பிரெயில் தன் புள்ளி எழுத்து முறையை 1829இல் நூலாக வெளியிட்டார். பார்வையுள்ளவர்களின் எழுத்தை மேடாக அச்சிட்டு விரலால் தடவ வைக்கும் பழைய முறையை ஆசிரியர்கள் விரும்பினார்கள், ஏனென்றால் அதை அவர்களும் படிக்கலாம். புள்ளிகளோ மாணவர்களுக்கு மட்டும் விளங்கின. பிரெயில் படித்த, கற்பித்த பாரிஸ் பள்ளியே 1840களில் சில காலம் அந்த எழுத்தைத் தடுத்துவைத்திருந்தது. பிரான்சில் அதிகாரபூர்வ ஏற்பு 1854இல்தான் கிடைத்தது. தனக்குப் புரியாத மொழியில் தன் மாணவர்கள் எழுதிக்கொள்வதைப் பொறுத்துக்கொள்வது எந்தக் காப்பாளருக்கும் எளிதாக இருந்ததில்லை.

நம் பக்கம் பாளையங்கோட்டையில் மிஷனரிப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கிவிட்டார்கள். இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெயில் முறை, பாரதி பிரெயில், 1951இல் ஏற்கப்பட்டது. விடுதியில் படித்துத் திரும்பிய பெண்ணுக்கு அது விசித்திரமான ஒரு சுதந்திரத்தைத் தந்தது. அவள் நாட்குறிப்பை வீட்டில் யாராலும் படிக்க முடியாது. ஆனால் வீட்டில் யாருக்கும் அவளாலும் எழுத முடியாது. அந்தரங்கம் கிடைத்தது, அதைப் பகிர ஆள் கிடைக்கவில்லை.

ஹெலன் கெல்லரின் வாழ்க்கையில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி தண்ணீர்க் குழாயடியில் நடந்தது. எனக்கு 1916ஆம் ஆண்டுதான் நினைவில் நிற்கிறது. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. நூல்கள் எழுதியவர், மேடைகளில் அரசியல் பேசியவர். தன் செயலராக வந்த பீட்டர் ஃபேகனை மணக்க முடிவெடுத்தார். திருமண உரிமத்துக்கு விண்ணப்பித்த செய்தி நாளிதழில் வந்து, தாய்க்குத் தெரிந்து, குடும்பம் இருவரையும் பிரித்தது. உலகம் போற்றிய அறிவாளிதான். ஆனாலும் அவரிடம் பேசப்படும் பேச்சு பெரும்பாலும் இன்னொருவர் கைவிரல் வழியாகவே வந்தாக வேண்டும். அந்தக் கைகளைக் குடும்பம் தீர்மானித்தது. ஹெலன் கெல்லர் வாழ்நாள் முழுதும் மணம் செய்துகொள்ளவில்லை.

பேசும் பொறிகள், பேசாத எழுத்துகள்

1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் காது கேளாதவர்கள். அவர் தந்த கருவியோ அவர்களைப் போன்றோருக்கு மூடிய கதவாக அமைந்தது. கேட்கும் காதுள்ள தங்கையையோ மகனையோ பக்கத்தில் உட்காரவைத்துத்தான் அவர்கள் மருத்துவரிடமும் பேச வேண்டும், வழக்கறிஞரிடமும் பேச வேண்டும். காது கேளாத இயற்பியலாளர் ராபர்ட் வெயிட்பிரெக்ட் 1964இல் பழைய தந்தித் தட்டச்சுப் பொறிகளைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவியைச் செய்த பிறகே, அமெரிக்காவில் அவர்கள் ஒருவரோடொருவர் தொலைபேசியில் ‘பேச’ முடிந்தது. நம் நாட்டுக் காது கேளாத பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு குறுஞ்செய்தியாகத்தான் வந்தது. பிறகு சைகை மொழியில் பேச உதவும் காணொளி அழைப்பாக வந்தது.

பார்வையற்றோருக்குக் கணினித் திரையை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள்களும் அவர்களிடமிருந்தே பிறந்தன. விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர் 1989இல் ஜாஸ் மென்பொருளைக் கொண்டுவந்தார். அதன் விலை நம் மாணவிகளுக்கு எட்டாதது. ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ இலவசமாகக் கிடைத்தது. 2009இல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் திரைவாசிப்பு கருவியோடு சேர்ந்தே வரத் தொடங்கியது. பிறகு விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் பெருகியபோது, வரலாற்றில் முதன்முறையாக ஏழைவீட்டுப் பார்வையற்ற பெண் ஒருத்தி காதுக்குழாயை மாட்டிக்கொண்டு, தனக்கு வந்த செய்தியைத் தான் மட்டும் கேட்க முடிந்தது.

அது ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் நடக்க இன்னும் நாள் பிடித்தது, அதன் காரணத்தைத் தமிழ் கற்பிப்பவர்கள் நாம் அறிந்திருக்க வேண்டும். நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்ததைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று அது வாசிக்கும். 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் பழக்கம் முழுதாக மாறவில்லை. மாறிய இடங்களிலும் தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, அதைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறார்கள். படத்தைத் திரைவாசிப்பான் படிப்பதில்லை.

நான் பாடம் சொல்லும் தமிழ்த்துறையில் ஆண்டுதோறும் பார்வையற்ற மாணவியர் இரண்டு மூன்று பேராவது சேர்கிறார்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் யூனிகோடு நூல்களை அவர்கள் கைபேசியில் கேட்டுப் படிக்கிறார்கள். சங்கப் பாட்டு அவர்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கிறது. உதவித்தொகை விண்ணப்பம் கிடைப்பதில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழைய நூலைத் தானாகப் படிக்கிறவள், சென்ற மாதம் வந்த சுற்றறிக்கைக்கு ஆள் தேடுகிறாள்.

இற்செறிப்பு

அப்படி ஆள் தேடிய மாணவி ஒருத்தியைப் பற்றி, அவள் சம்மதத்தோடு, அடையாளம் தவிர்த்துச் சொல்கிறேன். விண்ணப்பப் படிவம் அவள் கைபேசியில் வாசிக்கவில்லை. கேப்ச்சா எழுத்துகள் தெரியவில்லை. ஒலி வடிவம் இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அங்கிருந்தவர் ஆதார் நகல், வங்கிப் புத்தகம், புகைப்படம், கைபேசி எண் எல்லாம் வாங்கிக்கொண்டார். வந்த ஓடிபியையும் கேட்டு அடித்தார். கடவுச்சொல்லையும் அவரே வைத்தார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து இரவுகளில் செய்திகள் வரத் தொடங்கின. முதலில் நலம் விசாரிப்பு, பிறகு படங்கள். திரைவாசிப்பான் ‘படம்’ என்று மட்டும் சொன்னது. அது என்ன படம் என்று அறிய அவள் அறைத்தோழியிடம் காட்ட வேண்டியிருந்தது. தனக்கு நேர்ந்த அவமதிப்பு என்னவென்பதைக்கூடப் பிறர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

வீட்டுக்குச் சொன்னாள். அண்ணன் வந்து கைபேசியை வாங்கிக்கொண்டு போனான். பொத்தான் வைத்த பழைய போன் ஒன்று வந்தது. அதில் திரைவாசிப்பு இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவள் எண் காணாமல்போயிற்று, அதோடு பாடக் குறிப்புகளும் போயின. படம் அனுப்பியவரின் கடை வழக்கம்போலத் திறந்திருந்தது.

அகப்பாடல் படித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதில்லை. தலைவியின் களவு ஊரில் அலராகப் பரவியதும் தாய் அவளை வீட்டுக்குள் அடைத்துக் காவல் வைப்பாள். இற்செறிப்பு என்று அதற்குப் பெயர். அலர் தூற்றுகிற ஊர்வாயை யாரும் அடைப்பதில்லை; அடைபடுவது அவள்தான். இணையத்தில் ஒரு பெண் சீண்டப்பட்டால் நம் வீடுகளும் விடுதிகளும் தருகிற முதல் தீர்வு இன்றும் இதுவே. பார்வையுள்ள மாணவியிடமிருந்து கைபேசியைப் பறித்தால் அவள் நூலகத்துக்குப் போவாள், தோழியின் குறிப்பேட்டைப் பிரதி எடுப்பாள். இவளிடமிருந்து பறித்தால் இவள் கண்ணாடியும் புத்தகமும் வழிகாட்டியும் ஒருசேரப் போய்விடுகின்றன. காது கேளாத பெண்ணிடமிருந்து பறித்தால் அவள் குரலே போய்விடுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர்; அவர்களில் பெண்கள் 1.18 கோடி. ஆண்களில் 62 விழுக்காட்டினர் எழுத்தறிந்தவர்கள், பெண்களில் 45 விழுக்காட்டினர். அந்த 45க்குள் வந்து, பட்டப்படிப்பு வரை நடந்து வந்த ஒருத்தியைத்தான் ஒரு விண்ணப்பப் படிவம் இப்படித் திருப்பி அனுப்பப் பார்த்தது.

இரண்டு சட்டங்கள், நடுவே ஒருத்தி

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்தது. அதன் 6ஆம் பிரிவு பெண்களைப் பற்றியது, 9ஆம் பிரிவு அணுகல் பற்றியது, 22ஆம் பிரிவு அந்தரங்கம் பற்றியது. இதையொட்டி வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7ஆம் பிரிவில் வன்முறையிலிருந்தும் சுரண்டலிலிருந்தும் பாதுகாப்பைப் பேசுகிறது. 42ஆம் பிரிவில் மின்னணு ஊடகங்களும் கருவிகளும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. ஒன்று தவறினால் மற்றொன்றும் தவறும் என்று அது எங்கும் சேர்த்துச் சொல்லவில்லை.

குற்றவியல் சட்டத்தின் பாதை வேறு. 2013 திருத்தத்தில் பின்தொடர்தல் தனிக் குற்றமாயிற்று. விருப்பமில்லை என்று தெரிவித்த பிறகும் ஒரு பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆம் பிரிவு. அதே 2013 திருத்தம் இன்னொரு நல்ல ஏற்பாட்டையும் செய்தது. இக்குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியானால், காவல்துறை அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ உடன் வைத்துக்கொண்டு வாக்குமூலம் பெற வேண்டும், அதைக் காணொளியாகப் பதிய வேண்டும். எத்தனை காவல் நிலையங்களுக்கு இது தெரியும் என்பதை, புகார் கொடுக்கப் போன பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். சைபர் குற்றத்துக்கு 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்கிறோம். காது கேளாத பெண் அந்த எண்ணில் என்ன பேசுவாள்? ஸ்கிரீன்ஷாட் கொண்டுவா என்கிறோம். பார்வையற்ற பெண் எதைப் படமெடுத்தோம் என்று எப்படி உறுதி செய்வாள்?

கதவுகள் திறந்தது பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான். 2021இல் கொரோனாத் தடுப்பூசிக்கான கோவின் தளம் பார்வையற்றோருக்கு எட்டவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கேப்ச்சாவுக்கு ஒலி வடிவம் இல்லாததும் அதில் ஒன்று. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

2025 ஏப்ரல் 30 தீர்ப்பு ஒரு பெண்ணின் பெயரில் இருக்கிறது. அமிலவீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, உயிருள்ள ஆள்தான் என்று காட்டக் கண்சிமிட்டச் சொன்னார்கள். அவரால் சிமிட்ட முடியாது. பார்வையற்ற அமர் ஜெயினின் மனுவோடு சேர்த்து விசாரித்த நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி 20 வழிகாட்டுதல்களைத் தந்தது. கண்சிமிட்டலுக்கு மாற்று வழிகளும் அவற்றுள் அடக்கம். ஓர் ஆண் வன்முறையால் சிதைத்த முகத்தை, ‘பாதுகாப்பு’க்காக வைத்த ஒரு பரிசோதனை இரண்டாம் முறை தண்டித்தது என்பதை அந்த வழக்கு நாட்டுக்குக் காட்டியது. யாருக்குப் பாதுகாப்பு என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

தோழி

எல்லாப் பெண்களும் எல்லாவற்றையும் தனியே செய்துகொள்வார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கை அசையாத பெண்ணுக்குக் கைபேசியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணுக்கு, வந்த செய்தி ஏமாற்றா உண்மையா என்று சேர்ந்து யோசிக்க ஒருவர் வேண்டும். முதுமையில் நமக்கும் வேண்டும். உதவி தேவைப்படுவது இழிவில்லை. உதவுபவரை யார் தேர்ந்தெடுக்கிறார், அவருக்கு எவ்வளவு தெரியலாம், எப்போது அவரை விலக்கலாம் என்பதை அவள் தீர்மானிக்கிறாளா என்பதே கேள்வி. அகமரபில் தலைவியின் சொல்லைச் சுமந்து செல்பவள் தோழி. அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவள் தலைவியின் பக்கம் நிற்பவள். காவலுக்கு வைத்த ஆளையும் தோழியையும் நம் மரபு ஒருபோதும் குழப்பிக்கொண்டதில்லை. நம் பாதுகாப்புப் பயிற்சிகள் குழப்புகின்றன. ‘பெற்றோருக்கான வழிகாட்டல்’, ‘பாதுகாவலருக்கான பயிலரங்கு’ என்றே அவை நடக்கின்றன. அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கே நேராகக் கற்பிக்க வேண்டியவை கடினமானவையும் அல்ல. திரைவாசிப்பான் வங்கி எண்ணையும் ஓடிபியையும் ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்லும். காதுக்குழாய் அதற்கு ஒரு கதவு. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைக் கறுப்பாக்கும் வசதி ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பார்வையற்றவருக்குத் திரையின் வெளிச்சம் தேவையில்லை, அது பிறருக்கே பயன்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டு யாரோ செய்த ஏற்பாடு அது. ஒருவரை எப்படித் தடைசெய்வது, செய்தியை அழிக்காமல் எப்படிச் சேமிப்பது, வேறொருவர் வைத்த கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது என்பவற்றை ஒரு பிற்பகலில் சொல்லித்தந்துவிடலாம்.

அரசும் கல்லூரியும் செய்ய வேண்டியவை இவற்றினும் முந்தியவை. படிவங்கள் யூனிகோடில் இருக்க வேண்டும். பொத்தான்களுக்குப் பெயர் இட வேண்டும். கேப்ச்சாவுக்குத் தமிழிலும் ஒலி வடிவம் வேண்டும். புகார் எண்ணுக்கு எழுத்து வழியும் சைகை மொழிக் காணொளி வழியும் வேண்டும். இவற்றைச் சலுகைப் பட்டியலில் வைப்பது வழக்கமாகிவிட்டது. இவை குற்றத் தடுப்பு நடவடிக்கைகள். அந்தப் படிவம் அவள் கைபேசியில் வாசித்திருந்தால் அந்தக் கடைக்காரரிடம் அவள் எண்ணே போயிருக்காது.

அந்த மாணவியின் கைபேசி ஒரு பருவம் கழித்துத் திரும்பி வந்தது. வகுப்புத் தோழிகள் இருவர் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். கடவுச்சொல்லைத் தனக்குச் சொல்ல வேண்டும் என்று அண்ணன் நிபந்தனை வைத்தான். சொன்னாள். பேருந்து ஏறியதும் மாற்றிவிட்டாள்.